ராபின்சன் குரூசோ: வரவு பற்றுக் கணக்கு எதுவரை செல்லும்?

நெய்தல்வாசி:

டேனியல் டீஃபோவின் ‘ராபின்சன் குரூசோ’ நாவலை நம்மில் பலரும் முதலில் பள்ளித் துணைப்பாடத்தின் சுருக்கப் பதிப்பாகவே வாசித்திருப்போம். கப்பல் உடைகிறது; ஒருவன் மட்டும் கரையேறுகிறான்; ஆடு வளர்க்கிறான், பயிர் செய்கிறான், மணலில் ஒரு காலடியைக் கண்டு நடுங்குகிறான்; ஃபிரைடே என்ற துணைவனைப் பெறுகிறான்; இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்புகிறான். 1719 ஏப்ரலில் லண்டனில் வெளியான முழு நூலை எடுத்துப் படிப்பவருக்கு இந்தக் கதைச் சுருக்கம் போதாது என்பது விரைவிலேயே விளங்கிவிடும். தனிமை, உழைப்பு, கடவுள், இயற்கையை அடக்குதல், குடியேற்ற ஆதிக்கம் என்று இந்நாவலின் கருப்பொருள்களைத் தனித்தனியே அடுக்கும் கட்டுரைகள் ஏராளமாக உள்ளன. அவற்றை இங்கே மறுபடியும் எழுதுவதில் பயனில்லை. அவை அனைத்தும் குரூசோவிடம் ஒரே பழக்கத்தின் வழியாக வந்து சேர்கின்றன என்றும், அந்தப் பழக்கம் கணக்கெழுதுதல் என்றும் நான் கருதுகிறேன். அதை விவாதிக்கவே இந்த இழை.

தீவில் நிலைகொண்ட சில நாள்களிலேயே குரூசோ ஒரு தாளை எடுத்து, கடனும் வரவும் எழுதும் வணிகனைப் போலத் தன் நிலைமையை இரண்டு பத்திகளாகப் பிரிக்கிறான். ஒரு பக்கம் தீமை, மறுபக்கம் நன்மை. மீட்சிக்கு வழியில்லாத கொடிய தீவில் எறியப்பட்டேன் என்பது தீமைப் பத்தியில் நிற்க, கூட வந்தவர்களைப் போல மூழ்கிவிடாமல் உயிரோடு இருக்கிறேன் என்பது அதற்கு நேரே நன்மைப் பத்தியில் எழுதப்படுகிறது. உடுத்த ஆடை இல்லை என்ற குறைக்கு, இந்த வெப்ப நாட்டில் ஆடை இருந்தாலும் அணிய முடியாது என்ற ஈடு சொல்லப்படுகிறது. (பின்னர் இதே மனிதர் ஆட்டுத் தோலில் தலை முதல் கால் வரை உடை தைத்துக்கொண்டு குடையும் பிடித்துத் திரிகிறார் என்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவோம்.) துயரம் பேரேட்டில் ஏறியவுடன் அது தாங்கக்கூடியதாகிவிடுகிறது.

இதற்குப் பிறகு எண்கள் நிற்பதே இல்லை. வெடிமருந்து ஏறக்குறைய 240 பவுண்டு எடை; ஒரே மின்னலில் அழிந்துவிடாதபடி அது நூறுக்குக் குறையாத பொட்டலங்களாகப் பிரித்து வைக்கப்படுகிறது. நீண்ட அலமாரிக்கு ஒரு பலகை செய்ய 42 நாள்கள் ஆகின்றன. கப்பலில் கிடைத்த பணம் சுமார் 36 பவுண்டு மதிப்புடையது. அதைப் பார்த்து, உன்னால் இங்கே என்ன பயன் என்று ஒரு நீண்ட உபதேசம் செய்துவிட்டு, மறு யோசனையில் அதையும் எடுத்துக்கொள்கிறான். அந்த ‘மறு யோசனை’யில் டீஃபோவின் முழு நகைச்சுவையும் இருக்கிறது. நரமாமிசம் உண்பவர்களோடு நடந்த சண்டை முடிந்ததும், முதல் வெடியில் இத்தனை பேர், அடுத்த வெடியில் இத்தனை பேர், படகில் தப்பியவர் இத்தனை பேர், ஆக மொத்தம் 21 என்று பட்டியல் போட்டுக் கூட்டிக் காட்டுகிறான். ஊர் திரும்பிய பின் நிகழ்ந்த திருமணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது: தனக்கு நட்டமோ மனக்குறையோ இல்லாத வகையில் மணம் செய்ததாகவும், மூன்று பிள்ளைகள் பிறந்ததாகவும், மனைவி இறந்ததாகவும் சொல்லிவிட்டு அடுத்த பயணத்துக்குப் போய்விடுகிறான்.

எழுதியவர் யார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நாவல் வெளிவந்தபோது டீஃபோவுக்கு வயது அறுபதை ஒட்டியிருந்தது. காலுறை வணிகம், மது வணிகம், செங்கல் ஓடு சூளை எனப் பலவற்றில் கைவைத்தவர்; 1692இல் ஏறத்தாழ 17,000 பவுண்டு கடனோடு நொடித்துப்போனவர். கணக்குப் புத்தகம் மனிதனைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும், அது காப்பாற்றாமல் போகும் என்ற பட்டறிவும் ஒரே ஆளிடம் இருந்தன. எனக்கு இந்நாவலில் மிகவும் பிடித்த இடங்கள், கணக்கு நேர்ப்படாமல் போகும் இடங்களே. நண்பர்கள் அவற்றை எங்கே காண்கிறார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

அருள்மொழி:

இழையைத் தொடங்கிய நண்பரின் வாதத்தில் ஒரு பாதி எனக்கு உடன்பாடு. மறு பாதியில் காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கின்றன.

டீஃபோ ஆங்கிலத் திருச்சபையோடு ஒன்றாத பிரஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்தவர். அத்தகைய மாற்றுச் சபையினரை ஒழித்துக்கட்டச் சொல்வோரின் குரலையே எடுத்து அங்கதமாக ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியதற்காக 1703இல் தண்டனைக் கட்டையில் பொதுமக்கள் முன் நிறுத்தப்பட்டவர். அந்தச் சபையினரிடையே நாள்தோறும் தன் ஆன்மாவைச் சோதித்து, கடவுளிடமிருந்து பெற்ற நன்மைகளையும் தான் இழைத்த பாவங்களையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஆகவே குரூசோவின் இரண்டு பத்திகள் வணிகனின் பேரேட்டிலிருந்து மட்டும் வந்தவை அல்ல. தவம் செய்பவனின் குறிப்பேட்டிலிருந்தும் வந்தவை. கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் தொகுதியில் குரூசோவை எடுத்துக்காட்டாகப் பேசும்போது, அவனுடைய பிரார்த்தனைகளை நாம் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை என்று ஒதுக்கிவிட்டு உழைப்பை மட்டும் பேசினார். பொருளாதார நூலுக்கு அது பொருந்தும். நாவலை வாசிப்பவர் அப்படி ஒதுக்கினால் கதையின் நடுத்தூண் போய்விடும்.

வாற்கோதுமை முளைக்கும் இடத்தைப் பாருங்கள். பாறையின் நிழலில் பத்துப் பன்னிரண்டு கதிர்கள் தலைநீட்டுவதைக் கண்டவுடன், விதைக்காமலே கடவுள் தனக்கு உணவு அருளினார் என்று எண்ணிக் கண்ணீர் விடுகிறான். பிறகு, கோழித்தீவனம் இருந்த பழைய பையை அந்த இடத்தில்தான் தானே உதறினோம் என்பது நினைவுக்கு வருகிறது; உடனே நன்றியுணர்வு வடிந்துவிடுகிறது. அதற்கும் அப்பால் மூன்றாவது படி ஒன்று உண்டு: எலிகள் தின்றுபோட்ட உமியில் சில மணிகள் மட்டும் பழுதின்றி எஞ்சியதும், அவை வெயிலில் கருகாத நிழலில் விழுந்ததும் அற்புதத்துக்கு எவ்வகையிலும் குறைந்தவையல்ல என்று பின்னாளில் உணர்கிறான். அற்புதம், காரண விளக்கம், காரணத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் பராமரிப்பு என்று மூன்று படிகளையும் ஒரு சிறு நிகழ்ச்சியில் அடக்கியிருக்கிறார் டீஃபோ. அறிவியல் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் இறைநம்பிக்கையுள்ள ஒருவர் எப்படிச் சிந்தித்தார் என்பதற்கு இதைவிடத் துல்லியமான பக்கத்தை நான் வாசித்ததில்லை.

1660 ஜூனில் குளிர்காய்ச்சல் வந்து படுத்திருக்கும்போது, கருமேகத்திலிருந்து ஈட்டியோடு இறங்கிவரும் ஒருவனைக் கனவில் காண்கிறான். மருந்துக்காகப் புகையிலையைத் தேடிப் பெட்டியைத் திறக்கையில் வேதாகமமும் கைக்கு வருகிறது. புரட்டியவுடன் கண்ணில் படுவது சங்கீதம் 50:15, “ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன்” என்ற வசனம். எங்கள் நாகர்கோவில் பக்கத்து வீடுகளின் வாசல் நிலைகளில் எழுதி மாட்டியிருக்கும் வசனம் இது. முதலில் தீவிலிருந்து விடுபடுவதையே விடுதலை என்று அவன் எண்ணுகிறான். பாவத்திலிருந்து விடுபடுவதே அதைவிடப் பெரியது என்ற இடத்துக்குச் சில நாள்களில் வந்து சேர்கிறான். இந்த மாற்றத்துக்குப் பின்புதான் தீவு அவனுக்குச் சிறையாக இல்லாமல் வீடாக மாறுகிறது. இதைக் கணக்குப் புத்தகம் செய்யவில்லை.

தணிக்கையாளர்:

தொழில்முறைப் பார்வையில் ஒரு சிறு குறிப்பு. குரூசோவின் கணக்கில் தொடக்க இருப்பு சரியாகக் காட்டப்படவில்லை.

உடைந்த கப்பலுக்குப் பன்னிரண்டு முறை சென்று அவன் கொண்டுவந்தவை துப்பாக்கிகள், வெடிமருந்து, கோடரிகள், தச்சனின் கருவிப் பெட்டி, பாய்த்துணி, கயிறு, இரும்பு, ரொட்டி, ரம், மை, தாள். அவற்றை ஐரோப்பாவின் சுரங்கங்களிலும் பட்டறைகளிலும் யார் யாரோ உழைத்து உருவாக்கியிருந்தார்கள். வெறுங்கையோடு தொடங்கித் தன் முயற்சியால் உயர்ந்த மனிதன் என்று இவனைப் போற்றுவோர் இந்த முதலீட்டைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நாவல் அதைச் சேர்த்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கப்பலிலிருந்து எதுவும் கிடைக்காமல் போயிருந்தால் தன் கதி என்னவாகியிருக்கும், விலங்கைப் போலப் பல்லாலும் நகத்தாலும் கிழித்துத் தின்றிருப்பேனே என்று நாள்கணக்கில் எண்ணிப்பார்த்ததாகக் குரூசோவே எழுதுகிறான். ஆகத் தவறு டீஃபோவுடையதன்று, அவரைப் பாடமாக்கியவர்களுடையது.

மூதூர்க்காரன்:

குரூசோவைப் பற்றிப் பேசும்போது அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமியின் பெயரே எப்போதும் முன்வருகிறது. பசிபிக் கடலில் உள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக் கூட்டத்தில் 1704 முதல் 1709 வரை தனியே வாழ்ந்தவர் அவர். அந்தத் தீவுக்குச் சிலி அரசு 1966இல் ராபின்சன் குரூசோவின் பெயரையே சூட்டியது. ஆயினும் நாவலில் உள்ள தீவு இருப்பது அட்லாண்டிக் பக்கத்தில், ஒரினோக்கோ ஆற்று முகத்துவாரத்தின் அருகே. இருபத்தெட்டு ஆண்டுக் காலத்தின் நீளமும் செல்கிர்க்கிடம் இல்லை. அந்த நீளத்தைத் தேடினால் இலங்கையில் எங்கள் ஊருக்கு வர வேண்டியிருக்கும்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்ப்பதற்காகத் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660 ஏப்ரலில் அதன் தலைவரும் அவருடைய மகன் ராபர்ட் நொக்சும் வேறு சில மாலுமிகளும் கண்டி மன்னன் இரண்டாம் ராஜசிங்கனின் ஆள்களிடம் அகப்பட்டார்கள். தகப்பன் அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாக மலைநாட்டில் சிறைபட்டிருந்து, தொப்பி பின்னி விற்று, நெல்லை வட்டிக்குக் கொடுத்து, ஆடும் கோழியும் வளர்த்துப் பிழைத்தார். ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில வேதாகமம் ஒன்றைத் தாம் பின்னிய தொப்பிக்கு ஈடாக வாங்கிக்கொண்டார். 1679இல் ஒரு தோழரோடு அநுராதபுரம் வழியாக, ஒரு தமிழ்ச் சிற்றரசனின் ஆட்சிக்குட்பட்ட காடுகளுக்குள் அஞ்சி அஞ்சி நடந்து, ஆற்றோரமாகவே மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையை அடைந்தார். அவருடைய நூல் 1681இல் லண்டனில் வெளியானது. டீஃபோ அதை வாசித்திருந்தார் என்பதில் ஐயமில்லை, ஏனெனில் குரூசோவுக்கு அடுத்த ஆண்டு வெளியிட்ட ‘கேப்டன் சிங்கிள்ட்டன்’ நாவலில் நொக்சின் கதையைப் பெயரோடு சுருக்கிச் சொல்லியிருக்கிறார்.

வேதாகமம், ஆடு, நீண்ட காலம், வணிகப் புத்தி என்று ஒற்றுமைகளைத் தேடுவது எளிது. எனக்கு வேற்றுமைதான் முக்கியமாகப் படுகிறது. நொக்சின் தீவில் மனிதர்கள் நிறைந்திருந்தார்கள். அவர் மொழி கற்றார், அயலாரிடம் கடன் கொடுத்தார், வாங்கினார், அரசனின் மனநிலைக்கு அஞ்சி வாழ்ந்தார். அங்கே அவர் பிறர் ஆட்சியின் கீழ் வாழ்ந்த அந்நியர். டீஃபோ செய்தது அந்தத் தீவிலிருந்து மனிதர்கள் அனைவரையும் அப்புறப்படுத்தியதுதான். ஆளில்லாத தீவு இயற்கையாக அமைந்தது போலத் தோன்றினாலும், கரிப் மக்கள் படகோடித் திரிந்த கடற்பகுதியில், பெருநிலம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில், நல்ல நீரும் திராட்சையும் ஆமையும் உள்ள ஒரு தீவில் ஒருவரும் குடியிருக்கவில்லை என்பது புனைவின் தேவை. இருபதாண்டுக் காலம் பிறருடைய குடியாக இருந்த ஓர் ஆங்கிலேயனின் கதையைத் திருப்பிப்போட்டு, இருபத்தெட்டு ஆண்டுக் காலம் தன்னையே அரசனாக்கிக்கொண்ட ஓர் ஆங்கிலேயனின் கதையாக்கினார் என்று சொல்வது மிகையாகாது என நினைக்கிறேன்.

கயல்விழி:

மூதூர் அண்ணா சொன்னதற்கு நன்றி. தீவு காலி செய்யப்பட்டது என்றால், தீவுக்கு முந்தைய பகுதியில் எதற்காக அவன் கடலில் இருந்தான் என்ற கேள்வியையும் கேட்க வேண்டும். சுருக்கப் பதிப்புகள் பெரும்பாலும் விழுங்கிவிடும் செய்தி இது: குரூசோ கப்பலேறியது ஆப்பிரிக்காவின் கினி கடற்கரையிலிருந்து அடிமைகளை வாங்கிவர. 1659 செப்டம்பர் 1 அன்று பிரேசிலிலிருந்து புறப்பட்ட அந்தக் கப்பல் அதே மாதம் 30ஆம் நாள் உடைந்தது. அடிமை வணிகத்துக்கான கப்பல்தான் அவனுக்கு அந்தத் தொடக்க இருப்பைக் கொடுத்தது என்று தணிக்கையாளர் ஐயாவின் குறிப்போடு இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இதற்கு முன்பே அவன் மொரோக்கோவின் சலே துறைமுகத்தில் கடற்கொள்ளையரிடம் சிக்கி இரண்டு ஆண்டுகள் தானே அடிமையாக இருந்தவன். அங்கிருந்து தப்பும்போது உடன் வந்த சிறுவன் ஸூரி, சிங்கத்துக்கும் புலிக்கும் நடுவே உயிரைக் கொடுத்து உதவியவன். போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் அவர்களைக் காப்பாற்றியபோது விலைகள் பேசப்படுகின்றன. படகுக்கு 80 வெள்ளி நாணயம். சிறுவனுக்கு 60. தனக்கு விடுதலை பெற்றுத்தந்த பையனின் விடுதலையை விற்க மனம் வரவில்லை என்று குரூசோ தயங்குகிறான். அவன் கிறித்தவனானால் பத்தாண்டுகளில் விடுவிப்பதாகத் தலைவன் எழுதித்தர முன்வந்ததும் தயக்கம் தீர்ந்துவிடுகிறது. பிறகு பிரேசிலில் தோட்டம் போட்டு, கைக்கு ஆள் போதாமல் திணறும்போது, ஸூரியைப் பிரிந்தது தவறு என்று முன்னைவிட நன்றாக உணர்ந்தேன் என்று எழுதுகிறான். அந்த வாக்கியத்தைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்தேன். தவறு என்ற சொல் அங்கே அறத்தைக் குறிக்கவில்லை. கூலியாள் இல்லாத குறையைக் குறிக்கிறது.

தீவில் அவன் எத்தனையோ முறை மனம் வருந்துகிறான், அருள்மொழி அக்கா குறிப்பிட்டது போல உண்மையாகவே வருந்துகிறான். தந்தை சொல்லை மீறியதையே தன் ஆதிப்பாவம் என்கிறான். அடிமைகளை வாங்கப் போனது அந்தப் பாவப் பட்டியலில் எங்கே வருகிறது? ஓரிடத்தில் வருகிறது. செழித்த தோட்டத்தை விட்டுவிட்டு நீக்ரோக்களைக் கொண்டுவரக் கினிக்கு ஏன் புறப்பட்டேன், பொறுத்திருந்தால் செல்வம் பெருகி வீட்டு வாசலிலேயே விலைக்கு வாங்கியிருக்கலாமே, சற்று அதிக விலை ஆனாலும் இவ்வளவு ஆபத்து இருந்திருக்காதே என்று நொந்துகொள்கிறான். இழையைத் தொடங்கியவர் கணக்கு நேர்ப்படாத இடங்களைக் கேட்டார். கணக்கு மிகச் சரியாக நேர்ப்பட்டு, மனிதன் மட்டும் தவறிப்போன இடம் இது.

சுருக்கப் பதிப்புகளின் மூதாதை யார் என்பதும் சுவையான செய்தி. 1762இல் வெளியான ‘எமீல்’ நூலில் ரூசோ, தம் மாணவன் முதலில் வாசிக்க வேண்டிய புத்தகம் குரூசோவே என்றார். ஆனால் தீவருகே கப்பல் உடைவதில் தொடங்கி, மீட்கும் கப்பல் வருவதோடு முடிய வேண்டும், மற்றவை வேண்டாத குப்பை என்றார். அந்தக் குப்பையில் போனவை சலே, ஸூரி, பிரேசில், கினி ஆகியவை. அவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது, கைத்தொழில் கற்கும் ஒரு நல்ல பிள்ளையின் கதை.

பழையவாசகர்:

மூன்று நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஒரு கதாபாத்திரத்தை இன்றைய மனித உரிமை அளவுகோலால் அளப்பது எந்த அளவுக்கு நியாயம் என்று தெரியவில்லை. அன்று இங்கிலாந்தில் எல்லோரும் அடிமை வணிகத்தை இயல்பாகவே கருதினார்கள். டீஃபோவும் தம் காலத்து மனிதர்தாம். அவனுடைய விடாமுயற்சியையும் பொறுமையையும் ரசிப்பதற்கு இவை தடையாகலாமா?

கயல்விழி:

ரசிப்பதற்குத் தடையில்லை, ஐயா, நானும் ரசிக்கிறேன். ஆனால் இன்றைய அளவுகோலை நான் கொண்டுவரவில்லை. நாவலுக்குள்ளேயே அளவுகோல் இருக்கிறது.

நரமாமிச விருந்தின் எச்சங்களைக் கண்ட குரூசோ, அவர்களைப் பதுங்கியிருந்து சுட்டுக் கொல்லப் பல நாள் திட்டமிடுகிறான். பின்பு நின்று யோசிக்கிறான். எனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்களுக்கு நீதிபதியாகவும் தண்டனை நிறைவேற்றுபவனாகவும் இருக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? தாங்கள் செய்வது குற்றம் என்றே அவர்கள் அறியமாட்டார்களே? அப்படிக் கொல்வது, அமெரிக்காவில் ஸ்பானியர் பழங்குடியினரை இலட்சக்கணக்கில் அழித்ததை நியாயப்படுத்துவதாகாதா? 1719இல் எழுதப்பட்ட இந்தப் பக்கம் இன்றும் கூர்மை மழுங்காதது. பிற மக்களின் இடத்தில் நின்று எண்ணிப்பார்க்கும் ஆற்றல் டீஃபோவுக்கு இருந்தது. ஸ்பானியரின் கொடுமையைப் பேசும்போது அந்த ஆற்றல் வெளிப்படுகிறது. ஆங்கிலேயரின் வணிகத்தைப் பேசும்போது அது உறங்குகிறது. 1713ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆண்டுக்கு 4,800 அடிமைகளை விற்கும் உரிமை இங்கிலாந்துக்குக் கிடைத்து, தென்கடல் கம்பெனி என்ற ஆங்கில வணிக நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆப்பிரிக்க வணிகத்தை ஆதரித்து டீஃபோ இதழ்களில் எழுதியும் வந்தார். எங்கே தயங்குவது, எங்கே தயங்காமல் கடப்பது என்பதை அவர் காலம் முழுவதுமாக அவருக்காகத் தீர்மானித்துவிடவில்லை.

இன்னொன்று: ஃபிரைடேயை ஆப்பிரிக்கனாக வரையும் படங்கள் பல உண்டு. நாவலில் அவன் கரிபியப் பகுதியைச் சேர்ந்த பழங்குடி இளைஞன். அவன் தலைமயிர் சுருண்டதில்லை, நிறம் முற்றிலும் கறுப்பில்லை என்று டீஃபோ வலிந்து விவரிக்கிறார். குரூசோ விலைக்கு வாங்கப் போன மனிதர்களில் ஒருவருக்குக்கூட நாவலில் முகம் தரப்படவில்லை.

நெய்தல்வாசி:

கயல்விழியின் பதிவுகளுக்குப் பிறகு நான் சொல்ல நினைத்திருந்த காலடிச் சுவடு சற்று எளிதாகத் தெரிகிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் மனித முகத்துக்காக ஏங்கியவன், ஒரு நண்பகலில் கடற்கரை மணலில் ஒற்றைக் காலின் தடத்தைக் காண்கிறான். இடியால் தாக்கப்பட்டவனைப் போல நிற்கிறான். கோட்டைக்குள் எப்படி ஓடி வந்தோம் என்பதே அவனுக்கு நினைவில்லை. முதலில் அது சாத்தானின் கால் என்று எண்ணுகிறான், பிறகு தன் காலாகவே இருக்கலாம் என்று ஆறுதல் தேடி, போய் அளந்து பார்க்கிறான். தடம் பெரிதாக இருக்கிறது. அளவெடுக்கும் பழக்கம் இங்கேயும் கைவிடவில்லை, ஆனால் முதன்முறையாக அளவு அவனைக் காப்பாற்றவில்லை. பட்டிகளை இடித்து ஆடுகளைக் காட்டில் விரட்டிவிடவும், பயிர்நிலங்களைக் கொத்திச் சிதைக்கவும் எண்ணுகிறான். பதினைந்து ஆண்டு உழைப்பில் சேர்த்த அத்தனை உடைமையும் ஒரே இரவில், தன்னைக் காட்டிக்கொடுக்கும் சாட்சிகளாக மாறிவிடுகின்றன. கடைசியில் இடிக்கவில்லை, இரண்டாவது சுவர் எழுப்பி, வெளியே இருபதாயிரம் போத்துகளை நட்டு அடர்ந்த தோப்பாக்குகிறான்.

இங்கே டீஃபோ கண்டுபிடித்தது உடைமைக்கும் அச்சத்துக்கும் உள்ள உறவு என்று நினைக்கிறேன். வெறுங்கையோடு கரையேறிய முதல் இரவில் விலங்குகளுக்கு அஞ்சி மரத்தில் உறங்கியவனுக்குக்கூட மனிதனைப் பற்றி இத்தகைய நடுக்கம் இல்லை. இந்த அச்சத்தின் காலத்தில் பிரார்த்தனையும் தடுமாறுகிறது என்று குரூசோவே ஒப்புக்கொள்கிறான். அமைதியான மனமே பிரார்த்தனைக்கு ஏற்றது, கொலைக்கு அஞ்சிக்கொண்டிருப்பவனால் கடவுளை நாட முடியவில்லை என்கிறான். அருள்மொழி அவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அறிய ஆவல்.

அருள்மொழி:

அந்தத் தடுமாற்றம் நம்பிக்கையின் பொய்மையைக் காட்டுகிறது என்று நீங்கள் எதிர்பார்த்தால், நான் அப்படி வாசிக்கவில்லை. விசுவாசம் ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று என்பதை டீஃபோ அறிந்திருந்தார். எனக்கு அதைவிடக் கடினமான இடம் வேறொன்று.

ஃபிரைடேக்குச் சமயம் கற்பிக்கும்போது, கடவுள் சாத்தானைவிட வலிமை மிக்கவர் என்று குரூசோ சொல்கிறான். அப்படியானால் கடவுள் ஏன் சாத்தானைக் கொன்று தீமையை ஒழிக்கவில்லை என்று ஃபிரைடே கேட்கிறான். குரூசோ காதில் விழாதது போல நடித்து, என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்கிறான், ஃபிரைடே மறக்கக்கூடும் என்ற நப்பாசையில். ஃபிரைடே மறக்கவில்லை, அதே சொற்களில் மீண்டும் கேட்கிறான். கடைசியில் ஏதோ வேலையாக அவனை வெகுதூரம் அனுப்பிவிட்டு, தனக்கு அறிவு தரும்படி குரூசோ மண்டியிடுகிறான். இருபத்தைந்து ஆண்டுகளாக அவனோடு பேசிய ஒரே குரல், “பாவம் ராபின் குரூசோ, எங்கே போயிருந்தாய்” என்று அவனே கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்ன கிளியின் குரல். ஃபிரைடேக்கும் முதலில் ‘எஜமான்’ என்ற சொல்லைத்தான் கற்பித்தான். அந்த மாணவன் கற்றுக்கொடுக்காத ஒன்றைக் கேட்டுவிட்டான். பிறகு தன்னைவிட ஃபிரைடே நல்ல கிறித்தவன் என்று குரூசோ மனமார எழுதுகிறான். ஆனாலும் எஜமான் என்ற அழைப்பை மாற்றவில்லை. சமயமும் ஆதிக்கமும் ஒரே பாடத்தில் கற்பிக்கப்பட்டன என்ற குற்றச்சாட்டை, விசுவாசியான நானும் மறுக்க மாட்டேன்.

மூதூர்க்காரன்:

ஆதிக்கத்தைப் பற்றி ஒரு வேடிக்கையான இடமும் உண்டு. ஃபிரைடேயின் தகப்பனும் ஒரு ஸ்பானியரும் மீட்கப்பட்டதும், தன் தீவில் குடிகள் பெருகிவிட்டார்கள் என்று குரூசோ மகிழ்கிறான். மூன்று குடிகளுக்கு மூன்று சமயம்: ஒருவன் புராட்டஸ்டன்ட், ஒருவர் கத்தோலிக்கர், ஒருவர் பழஞ்சமயத்தவர். தன் நாடெங்கும் மனச்சாட்சிச் சுதந்திரம் வழங்கியிருப்பதாகப் பெருமையும் கொள்கிறான். தாய்நாட்டில் அந்தச் சுதந்திரத்துக்காகத் தண்டனைக் கட்டையில் நின்ற டீஃபோ இதை எழுதும்போது சிரித்திருப்பார். அடுத்து, பெருநிலத்தில் உள்ள மற்ற ஸ்பானியர்களை அழைத்துவருவதற்கு முன் அவர்கள் அனைவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும் என்று முடிவாகிறது. அவர்களிடம் பேனாவும் மையும் இல்லையே, இதை எப்படி எழுதுவது என்ற கேள்வியை நாங்கள் கேட்டுக்கொள்ளவே இல்லை என்று குரூசோ சேர்த்துச் சொல்கிறான்.

தணிக்கையாளர்:

அந்த ஒப்பந்தம் கடைசி வரை எழுதப்படவே இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப்பட்ட ஒப்பந்தம் எதுவோ அதுவே பலன் தருகிறது. அவன் இல்லாத காலத்திலும் பிரேசில் தோட்டத்தின் பத்திரங்கள் செல்லுபடியாகி, 5,000 பவுண்டுக்கு மேல் ரொக்கமும் ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கு மேல் வருமானமும் கைக்கு வருகின்றன. தீவில் 28 ஆண்டுகள் வியர்வை சிந்தியதில் ஊருக்குக் கொண்டுசென்றவை ஆட்டுத்தோல் தொப்பி, குடை, ஒரு கிளி, அத்தோடு கறுத்துப்போன அந்தப் பழைய நாணயங்கள். பிறர் உழைத்த தோட்டம்தான் அவனைச் செல்வனாக்கியது. உழைப்பின் பெருமையைப் பாடும் நாவல் என்று இதைச் சொல்வோர் இறுதிப் பக்கங்களின் தொகைகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

கயல்விழி:

தந்தை மகன் என்ற கருப்பொருளைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை, ஆகையால் இதைச் சேர்க்கிறேன். நாவல் தொடங்குவதே தந்தையின் அறிவுரையில்தான். மேலும் கீழும் போகாமல் நடுத்தர வாழ்வில் நில் என்று யார்க் நகரத்து முதியவர் கண்ணீரோடு சொல்கிறார். அதை மீறியதுதான் அத்தனை துன்பத்துக்கும் வேர் என்று மகன் தீவு முழுக்கப் புலம்புகிறான்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து 1687இல் அவன் இங்கிலாந்து திரும்பும்போது தந்தையும் தாயும் இல்லை. அந்தச் செய்தியைச் சொல்லும் அதே வாக்கியத்தில், தன்னை நெடுநாள்களுக்கு முன்பே இறந்தவனாகக் கருதிவிட்டதால் தனக்கென்று எதுவும் ஒதுக்கிவைக்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான். மறுபக்கம், படகின் அடியில் கட்டுண்டு கிடப்பது தன் தகப்பன் என்று அறிந்த ஃபிரைடே கட்டிப்பிடிக்கிறான், அழுகிறான், சிரிக்கிறான், துள்ளுகிறான், மரத்துப்போன கைகால்களைத் தேய்த்துவிடுகிறான், தண்ணீருக்கும் ரொட்டிக்கும் ஓடுகிறான். அதைக் கண்டு குரூசோவும் நெகிழ்ந்துபோய், விவரிக்கச் சொற்கள் போதவில்லை என்கிறான்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். அந்தத் தகப்பன் ஸ்பானியரோடு பெருநிலத்துக்கு அனுப்பப்படுகிறார். அவர் திரும்புவதற்குள் ஆங்கிலக் கப்பல் வந்துவிட, 1686 டிசம்பரில் குரூசோ ஃபிரைடேயோடு புறப்பட்டுவிடுகிறான். ஃபிரைடே தகப்பனுக்காகக் காத்திருக்க விரும்பினானா என்று குரூசோ கேட்டதாக ஒரு வரியும் இல்லை. வரப்போகும் ஸ்பானியர்களுக்குக் கடிதம் விட்டுச்செல்ல அவனுக்குத் தோன்றியிருக்கிறது. நாவலின் தொடர்ச்சியாக டீஃபோ எழுதிய இரண்டாம் பாகத்தில் தகப்பனும் மகனும் மீண்டும் சந்திக்கிறார்கள். சிறிது காலத்திலேயே பிரேசிலுக்குச் செல்லும் வழியில், குரூசோவின் கட்டளைப்படி கப்பலின் மேல்தளத்துக்குப் பேசச் சென்ற ஃபிரைடே அம்புகள் பாய்ந்து இறந்துபோகிறான். பதினொரு பீரங்கி முழக்கத்தோடு அவனைக் கடலில் அடக்கம் செய்ததாகக் குரூசோ எழுதுகிறான். தீவில் இருந்த அந்தத் தகப்பனுக்கு யார் சொல்லியனுப்பினார்கள் என்பதை எழுதவில்லை.